வெள்ளிக்கிழமை விழுந்த ஆமென்

அத்தியாயம் 6

நெல்சனுக்குப் பயம் முதலில் முழங்காலில்தான் வரும். மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசி, ஓடுவதா உட்காருவதா என்று முடிவே எடுத்திருக்கும். காலடிப்பேட்டையில், பேட்டரிக் கடைக்கு மேலே மாடியில் இருந்த 'ரமாபாய் துப்பறியும் நிலைய'த்தில், ஜானட் தன் போனை மேஜைமேல் வைத்த அந்த மத்தியானம், அவை உட்காருவது என்று முடிவெடுத்தன.

திரையில் இருந்தது இவ்வளவுதான்:

"எங்கே ஒளிந்தாலும் வருவேன். உன் கோட்டையிலேயே உன்னைப் புதைப்பேன். இப்படிக்கு, நங்கூரம்."

"படிச்சியா?" என்றாள் ரமாபாய்.

"படிச்சேன் யக்கா. இது போலீஸ் கேஸு. நம்முளுக்குக் காணாமப் போன நாய்க்குட்டி, ஓடிப்போன மாப்பிள்ளை, இந்த மாதிரி டீசன்ட்டா ஏதாச்சும் வரட்டும்."

"வந்துகீறதும் மாப்பிள்ளைதான். அவங்க வூட்டுக்காரரு காலையிலேர்ந்து காணோம். மூடிகினு கேளு."

ரமாபாய் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான், போலி டிக்கெட்காரன் பரிசோதகரையே பார்ப்பான் என்பது அவள் கண்டுபிடிப்பு. துப்பறிவதற்கு அதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பாள். உதவியாளன் வேண்டும் என்று நெல்சன் சொல்வான். அவள் டீ வாங்கிவரச் சொல்வாள்.

ஜானட் புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் கணவன் ஜெஸ்வின், கன்டெய்னர் யார்டு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் வேலைக்கென்று கிளம்பினான். யார்டுக்குப் போய்ச் சேரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தவசிமுத்து அண்ணன்தான் காலையிலிருந்து அவளைத் தன் ஆட்டோவில் வைத்து ஊரெல்லாம் சுற்றித் தேடியிருக்கிறார். இப்போதும் கீழே ஆட்டோவில் காத்திருக்கிறார்.

"இந்த நங்கூரம் யாரு?"

"தெர்ல மேடம். அவரு ஒரு கேம் ஆடுவாரு, 'உப்புக்கோட்டை'ன்னு. கோட்டை கட்டணும், படை அனுப்பணும், எதிராளி சரக்க மடக்கணும். அத்தப் பத்திப் பேசறதுக்குன்னே இன்டர்நெட்ல ஒரு எடம் கீது. அங்க இந்த மாசம் போட்டி வெச்சிகீறாங்கோ. யாரு போடற திட்டத்துக்குக் கீழ வாதம் நல்லா சூடு புடிக்குதோ, அவங்களுக்கு லேப்டாப்பு. பேருக்கு முன்னாடி 'சேனாதிபதி'ன்னு பட்டம் வேற."

"வாதம் பண்ணா பரிசா?" நெல்சன் நிமிர்ந்தான். "எங்கம்மா இத்தினி வருசமா ஓசில பண்ணிகினு கீது!"

"நெல்சா."

"செரி யக்கா."

ஜெஸ்வினின் திட்டம் எளிமையானது. வரிசையில் நிற்கும் சரக்கு வண்டிகளில் கடைசி வண்டியை எடு. முன்னால் நிற்பவன் முன்னால்தான் பார்ப்பான், பின்னால் எவனும் இல்லை. யார்டில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து தினமும் டிரெய்லர் லாரிகளின் வரிசையைப் பார்ப்பவன் அல்லவா? பார்த்ததை அப்படியே யுத்தத் தந்திரமாக எழுதிவிட்டான். அதற்கு அவனுக்குப் பாராட்டும் கிடைத்தது.

புதன்கிழமை, எண்ணூர் சாலையில் நின்ற டிரெய்லர் வரிசையில் கடைசி வண்டி காணாமல் போனது. நிறைய செம்புக் கம்பி. டிரைவர் மண்டை உடைந்து சாலையோரம் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"நூசப் பாத்துட்டு அவரு அப்டியே ஒக்காந்துட்டாரு மேடம். 'ஜானு, நான் எழுதினது, நான் எழுதினது'ன்னு. சோறு எறங்கல. இன்னிக்கி ஆளையே காணோம். இந்த நங்கூரம்தான் தூக்கிகினு போயிருப்பான். கொன்னுடுவான் மேடம்!"

நெல்சனின் முழங்கால்கள் அதை வழிமொழிந்தன. ரமாபாய் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஜெஸ்வினின் திட்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று புருவம் ஏறியது.

"இன்னாமா இது? 'எதிரியின் கிணற்றில் நஞ்சைக் கலக்கவும்'னு உன் புருஷன் எழுதிகீறான். கீழ சிலுவையம்மாள், ஆமென். சில்வியா, ஆமென். கிருபை டெய்லர்ஸ், ஆமென்."

ஜானட்டுக்கு அந்த நிலையிலும் வெட்கம் வந்தது. "நான்தான் மேடம். எங்க அன்பியம் வாட்ஸப் குரூப்ல லிங்கு போட்டேன், ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கன்னு."

ரமாபாய் திரும்பிப் பார்க்க, நெல்சன் விளக்கினான். "தெருவுல கீற கோயில் குடும்பங்க எல்லாம் வாரத்துக்கு ஒரு வூட்ல சேந்து ஜெபம் சொல்றது யக்கா. அந்த குரூப்ல யாரு இன்னா போட்டாலும் கீழ ஆமென்தான். சிலிண்டர் புக் பண்ண நம்பரக் கேட்டாக்கூட ஆமென்."

"இந்த ஆமெனுக்கெல்லாம் போட்டில மார்க் உண்டா?"

"இல்ல மேடம். ஒத்து ஊதினா மார்க் இல்ல. எதுத்துப் பேசணுமாம். அவரு தலையில அடிச்சிகினாரு."

"அப்றம்தான் நங்கூரம் வந்துகீறான்." ரமாபாய் போனை நெல்சனிடம் நீட்டினாள். "எந்தக் கெழமையில இவன் பேசலன்னு பாரு."

நெல்சன் பார்த்தான். நங்கூரம் ஞாயிற்றுக்கிழமை திட்டினான். திங்கட்கிழமை கேலி செய்தான். செவ்வாய், புதன், வியாழன், சனி, எல்லா நாளும் தொண்டை கிழியக் கத்தினான். "வெள்ளிக்கிழமை மட்டும் லீவு யக்கா."

"எந்த ரவுடிடா வெள்ளிக்கிழமை லீவு எடுக்கறான்?"

ஜானட்டின் முகம் மாறியது. "மேடம்... தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை போனத் தொடறதில்லன்னு எங்க அன்பியத்துல எல்லாரும் நேந்துகினோம். இன்னிக்கி இவரத் தேடறதுக்காகத்தான் நான் தொட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும்."

"ஆக நங்கூரம் உங்க ஆளு. ஜெஸ்வின் எழுதும்போது வாய மூடிகினு கீறான். ஜெஸ்வின் நிறுத்தினதும் ஆரம்பிக்கறான். ஒரே ஆளு ரெண்டு பக்கமும் மாறி மாறி ஒக்காந்து கேரம் ஆடற மாதிரி." ரமாபாய் புன்னகைத்தாள். "உன் புருஷனுக்கு எதிரி வேணும். ஊரே ஆமென் சொல்லுது. அவரே ஒருத்தன செஞ்சிகினாரு."

"அவரே அவரத் திட்டுவாரா மேடம்?"

"நான் தெனம் கண்ணாடி முன்னாடி செய்றதுதான்மா," என்றான் நெல்சன்.

ஜானட் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே மூச்சில் செய்ததில் விக்கல் வந்தது. அப்படியானால் கடத்தல்காரன் என்று யாரும் இல்லை. நெல்சன் எழுந்து டீ சொல்லப் போனான்.

"எங்க போற? இன்னிக்கி இன்னா கெழமை?"

"வெள்..." என்றவன் நின்றான்.

"கடைசியா வந்தத படி."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நங்கூரத்தின் பெயரில் ஒரு பதிவு ஏறியிருந்தது. நெல்சன் படித்தான். 

"என் படை பதுங்கும் இடத்தைச் சொல்கிறேன். தைரியம் இருந்தால் வா. மூன்று தூணும் ஒரே தூணாய் நிற்கும். காற்று அடித்தால் சாம்பல். காற்று நின்றால் மீன்."

 கீழே பேட்டரிக் கடையில் எதையோ கீழே போட்டார்கள், மூவரும் துள்ளினார்கள்.

"அவன் கைதிமா," என்றாள் ரமாபாய் மெதுவாக. "பொண்டாட்டி பாத்தா 'ஆளு எங்கயோ ஒக்காந்து கேம் ஆடிகினு கீறான்'னு நெனச்சி சும்மா இருக்கணும். அதுக்கு அந்த லாரித் திருடனுங்க போன ஆன் பண்ணி எழுதச் சொல்லிகீறாங்கோ. அவன் தன் பேர்ல எழுதாம எதிரி பேர்ல எழுதிகீறான். அதுவும் வெள்ளிக்கிழமை. நீ பாத்தா பயப்படணும்னே எழுதிகீறான்."

"அந்தக் கேம்ல தூணு ஒண்ணும் இல்லியே மேடம்..."

"கேம்ல இல்ல," என்றான் நெல்சன். தான் பேசுவது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அத்திப்பட்டு பக்கம் கரி எரிச்சி கரன்டு எடுக்கற எடத்துல புகைக்கூண்டு மூணு கீது. எங்க இன்னாசி சித்தப்பா வலை போட்ட எடத்த மறக்காம இருக்க, கரையில தெரியற ரெண்டு பொருள ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒளிய வெச்சிப் பாப்பாரு. சரியா ஒரு பக்கமா போனா அந்த மூணு கூண்டும் ஒண்ணாயிரும்."

"அவங்க அப்பாவும் படகுல அப்டித்தான் பாப்பாரு!" ஜானட் எழுந்தேவிட்டாள்.

கீழே தவசிமுத்து ஆட்டோவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நெற்றியில் கவலை, கழுத்தில் ஜெபமாலை. அத்திப்பட்டு என்றதும் அவர் கை ஒரு கணம் சாவிமேல் நின்றது.

"எண்ணூர் ரோடு ஃபுல்லா டிரெய்லரும்மா. மாத்தூர் சுத்தி இட்டுகினு பூடறேன்."

ஆட்டோ கிளம்பியது. ஜானட் நடுவில், வாய்க்குள் ஜெபம். ரமாபாய் ஒரு ஓரம். நெல்சன் மறு ஓரம், ரமாபாயின் போனில் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தபடி. ஜெஸ்வின் இன்னொரு வரி எழுதினால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

புதிதாக ஒரு பதில் இருந்தது. ஜெஸ்வினுடையது அல்ல.

"ஆமென். தவசிமுத்து."

நல்ல மனுஷன், என்று முதலில் நினைத்தான் நெல்சன். பிறகு முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை, அவற்றுக்கு விளங்கிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கமாக ஒரு பதிவின் கீழே தெருவே திரண்டு நிற்கும். இன்று சிலுவையம்மாள் இல்லை, சில்வியா இல்லை, டெய்லர் கடை இல்லை. ஒற்றை ஆமென். சரி, நேர்ச்சையை மறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜெஸ்வினைக் காணோம் என்று காலையிலிருந்து ஜானட்டோடு அலைகிற மனுஷன், ஜெஸ்வினின் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மாடிக்கு ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டாமா? எப்போதும்போல இருக்கிறேன் என்று காட்ட, எப்போதும் போடுவதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அத்திப்பட்டு வடக்கே இருக்கிறது. மாத்தூர் சுற்று என்ற பெயரில் ஆட்டோ மேற்கே போய் நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது.

  நெல்சன் போனை ஜானட்டின் முதுகுக்குப் பின்னால் ரமாபாய் பக்கம் நீட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்பதான் பாத்தியா?" என்று முணுமுணுத்தாள். "அந்தாளு ரோட்டப் பாக்கல. கண்ணாடில என்னியே பாத்துகினு வர்றான்."

பிறகு உரக்கச் சொன்னாள்: "இன்னா நெல்சா, வாந்தி வருதுன்னியே?"

நெல்சன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட அந்த நொடியில் உண்மையாகவே வந்தது.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க. அந்த லாரிங்க பக்கம்," என்றாள் ரமாபாய்.

மணலி முனையில் டிரெய்லர்கள் வரிசை பிடித்து நின்றன. சக்கரங்களின் நிழலில் டிரைவர்கள் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நின்றதும் ரமாபாய் கை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"இன்னா மேடம்?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. "ஜானட்டு, லாரி விஷயத்த உன் புருஷன் வெளியில யார்கிட்டயாச்சும் சொன்னானா?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். போலீஸ்ல சொல்லிடறேன்னு நேத்து தவசி அண்ணன்கிட்ட மட்டும்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

நெல்சன் தவசிமுத்துவின் முகத்தில் கோபம் வரும், பயம் வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அந்தக் கவலை ரேகைகூட அப்படியே இருந்தது.  தவசிமுத்து திரும்பி மேற்கே சரிந்த வெயிலைப் பார்த்துவிட்டு, வழி சொல்வதுபோலச் சொன்னார்:

"இன்னிக்கி பௌர்ணமிம்மா. கடல் தண்ணி எப்பியும்விட மேல ஏறும். ஏற ஆரம்பிச்சாச்சு. இனிமே போயி இன்னா பண்ணப் போறீங்கோ?"

ஜானட் அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு இறங்கி ஓட எத்தனித்தார். அதே பக்கம் இறங்கிக் குனிந்த நெல்சன், மத்தியானம் தின்ற முழுப் பிரியாணியையும் அவர் கால்மேல் சமர்ப்பித்தான். அவன் வாழ்க்கையில் எதிரியின்மேல் நடத்திய முதல் தாக்குதல் அது. தவசிமுத்து வழுக்கி உட்கார்ந்தார்.

"அண்ணே!" ரமாபாயின் குரல் வரிசை முழுக்கக் கேட்டது. "புதன்கெழம கடைசி வண்டிய மடக்கினது இந்தாளுதான்!"

ஸ்டவ்கள் அணைந்தன. யாசின் என்ற டிரைவர் கையில் கரண்டியோடு முன்னால் வந்தார். அடிபட்டவர் அவருடைய தோஸ்து. கூட்டம் வட்டமானது. அதற்குள் ரமாபாய் போனில் இரண்டு இடங்களுக்குப் பேசி முடித்திருந்தாள்.

"அடிக்காதீங்க, பாய். ஒக்கார வெச்சி காவல் காருங்க. நம்ம ஏரியா இன்ஸ்பெக்டர் சுஹைபுக்குப் போன் போட்டுட்டேன், ஆம்புலன்ஸும் அத்திப்பட்டுக்கு வரச் சொல்லிகீறேன்." ரமாபாய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"யக்கா, உனுக்கு ஆட்டோ ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா ஓட்டினாரு."

"அவரு ஓட்டினது செரி..."

ஆட்டோ பாய்ந்ததில் மிச்ச வாக்கியம் சாலையிலேயே கிடந்தது.

மணலி புதுநகரைத் தாண்டியதும் கூண்டுகள் தெரிந்தன. மூன்று, தனித்தனியாக, வானத்தைக் குத்திக்கொண்டு. சாலை வளைந்தது. மூன்றும் மூன்றாகவே நின்றன. ஜானட் இப்போது ஜெபம் சொல்லவில்லை. கண்ணிமைக்காமல் அவற்றையே பார்த்தாள். ரமாபாய் தார்ச்சாலையை விட்டு, முகத்துவாரத்து ஓரமாகப் போகும் மண்பாதையில் வண்டியை இறக்கினாள். பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது.

"ரெண்டாச்சு!" என்றான் நெல்சன்.

முதல் கூண்டு நகர்ந்து நடுக் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தது. கடைசிக் கூண்டு மெல்ல, மிக மெல்ல, வெட்கப்படுகிற மாதிரி நெருங்கியது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

வானத்தில் ஒரே ஒரு தூண் நின்றது.

ரமாபாய் வண்டியை நிறுத்தினாள். காற்று அடித்தது, நெல்சனின் முழங்கையில் சாம்பல் படிந்தது. காற்று நின்றது. கருவாட்டு வாடை.

எதிரே, கரைச் சரிவில், எப்போதோ கைவிடப்பட்ட ஒரு பம்ப் அறை. பாதி தரைக்கு மேலே, பாதி கீழே. கதவில் புதுச் சங்கிலி, பூட்டு. கதவின் அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை. காவலை அவர்கள் கடலிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆட்டோவின் ஜாக்கிக் கம்பியைப் பூட்டில் கொடுத்து ரமாபாய் நெம்பினாள். பூட்டு விட்டதும் உள்ளே இருட்டும் தண்ணீரும்தான் தெரிந்தன.

நெல்சன் ராயபுரத்தில் பிறந்தவன். கடற்கரையில் வளர்ந்தவன். நீச்சல் தெரியாதவன். இதில் மூன்றாவதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. "யக்கா, நான் வெளிய நின்னு சுஹைப் சாருக்கு வழி காட்..." என்று ஆரம்பித்தபோது, ஜானட் புடவையோடு படியிறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள். ரமாபாய் அவளுக்குப் பின்னால். தனியாக வெளியே நிற்பதற்கு இன்னும் அதிக தைரியம் வேண்டும் என்று நெல்சனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனும் இறங்கினான்.

போன் வெளிச்சத்தில் ஜெஸ்வின் தெரிந்தான். துருப்பிடித்த குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயில் டேப். தண்ணீர் நெஞ்சைத் தாண்டியிருந்தது. கண் திறந்திருந்தது.

"ஏங்க!" ஜானட் பாய்ந்தாள்.

ஜெஸ்வின் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று பலமாக ஆட்டினான். நெல்சனுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். பின்னால் யாரோ நிற்கிறார்கள். சத்தியமாக நிற்கிறார்கள். திரும்பினான். யாரும் இல்லை.

ஜானட் டேப்பை உரித்தாள்.

"என்ன விடு ஜானு," ஜெஸ்வினுக்குக் குரலே இல்லை. "மொதல்ல இவர."

வெளிச்சம் நகர்ந்தது. அதே குழாயின் மறுபக்கம் இன்னொரு உடம்பு. நரைத்த தலை ஒன்று ஜெஸ்வினின் தோள்மேல் கிடந்தது. தோளை ஜெஸ்வின் காதுவரை உயர்த்தி வைத்திருந்தான். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"லாரி கிளீனரு. அவங்க மூஞ்சியப் பாத்துட்டாருன்னு புதன்கெழமையே தூக்கிகினு வந்துட்டாங்கோ. காய்ச்சல். தோள எறக்கினா முழுகிடுவாரு."

லாரியைத் தேடினார்கள், செம்பைத் தேடினார்கள், டிரைவருக்காக ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடியது. வண்டியில் இன்னொரு இருக்கை உண்டு, அதில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான் என்று செய்தியில் எவனும் சொல்லவில்லை.  ரமாபாய் இடுப்பில் செருகியிருந்த மடக்குக் கத்தியை எடுத்தாள்.

"நெல்சா, கயிற அறுக்கும்போது இவரு சரிவாரு. நீ போயி தாங்கு."

தரை சரிந்துகொண்டே போனது. தண்ணீர் நெல்சனின் இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தாடையைத் தொட்டது. அவன் குதிகாலை உயர்த்தி, ஜெஸ்வினின் தோள் இருந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தான். கிழவரின் கன்னம் அடுப்புபோலக் கொதித்தது. கயிறு ஒவ்வொரு புரியாக அறுபட்டது. ஜெஸ்வின் தோளை இறக்கி, முதன்முறையாக ஜானட்டின்மேல் சாய்ந்தான்.

கிழவர் கண்ணைத் திறந்தார். இருட்டில் யாருடைய தோள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. விரல்கள் நெல்சனின் சட்டையைத் தேடிப் பிடித்தன.

"பயமா கீதுப்பா," என்றார்.

"நீங்க பயப்படாதீங்க மாமா," என்றான் நெல்சன், பற்கள் கிடுகிடுக்க. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பயந்துகினு கீறேன்."